பெயர்ப்பலகையில் இல்லாத பதவி: பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸ்

5க்கு 4 நட்சத்திரம்.

பாளையங்கோட்டையில் கோர்ட்டை ஒட்டி ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். அப்பா ரெமிங்டன் மெஷினில் பிராது அடித்த கடை. இப்போது கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்துவிட்டன. எந்த வக்கீல் தானே எழுதுகிறார், யார் ஜூனியரை எழுதவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுகிறார், யாருடைய மனுவைக் கோர்ட்டு ஏற்று நம்பர் போடும், யாருடையது குறை இருக்கிறது என்று 'ரிட்டர்ன்' ஆகி என் கடைக்கே திருத்தத்துக்கு வரும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் ஒரு வக்கீல் ஆபீஸுக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் கட்சிக்காரியாகவும் போய் வந்த ஆபீஸ் அது. கட்சிக்காரி என்றால் வழக்குக் கட்சி. கொடிக் கட்சி இல்லை. இந்த ஆபீஸைப் பொறுத்தவரை இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் சொந்தக்காரர் முன்னாள் எம்.எல்.ஏ.

பெயர் போடப் போவதில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். வழக்கறிஞர் சங்கத் தலைவராக இருந்தேன், நீதிபதியாக இருந்தேன், இன்ன வகை வழக்கில் கைதேர்ந்தவன் என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது. இவர் அந்த விதியை ஒரு எழுத்து பிசகாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். வாசலில் பெயர், கீழே பி.ஏ., பி.எல்., அதற்கும் கீழே 'வழக்கறிஞர்'. முடிந்தது. எம்.எல்.ஏ.வாக இருந்ததற்கு ஒரு அடையாளமும் கிடையாது. கார் கண்ணாடியில் மட்டும் 'முன்னாள் எம்.எல்.ஏ.' என்று ஒரு ஸ்டிக்கர் உண்டு. அது டிரைவர் ஒட்டியது. டோல்கேட்டில் உதவுகிறதாம். "காருக்கு 36ஆம் விதி கிடையாதுல்லா சார்" என்று அவர் வாதாடி ஜெயித்துவிட்டார்.

ஆபீஸ் மாடியில். படி செங்குத்து, மூட்டு வலிக்காரர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் குமாஸ்தா இறங்கி வருவார். மேலே ஒரு நீள பெஞ்சு, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, மண்பானைத் தண்ணீர். சுவரில் எந்தத் தலைவர் படமும் இல்லை, அவர் கட்சித் தலைவர் படம்கூட. வக்கீல் ஆபீஸுக்கு எல்லாக் கட்சிக்காரனும் வருவான் என்று 1980களிலேயே கழற்றியவர், எம்.எல்.ஏ. ஆன பிறகும் திரும்ப மாட்டவில்லை. இதற்காகக் கட்சியில் அவரைப் பற்றிப் புகார் போனதும் உண்டு.

பெஞ்சில் உட்கார்ந்ததும் குமாஸ்தா ஒரு நோட்டில் பெயர், ஊர், விஷயம் எழுதி ஒரு நம்பர் கொடுப்பார். கோர்ட்டு டைரி நம்பர் மாதிரியே. எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. அப்போது தொகுதி அலுவலகத்துக்கு யார் மனு கொடுத்தாலும் நம்பர் போட்டு ஒப்புகைச் சீட்டு கொடுக்கச் சொன்னார். "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ரசீதா?" என்று ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் பிறகு வந்து 'என் மனு என்னாச்சு' என்று கேட்கும்போது, அந்த நம்பரைச் சொன்னால் நோட்டில் பதில் இருந்தது. எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், என்ன பதில் வந்தது, வரவில்லையென்றால் எப்போது நினைவூட்டல் போனது எல்லாம் அதில் உண்டு. வேலை நடந்ததா என்பது வேறு விஷயம். காகிதம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்ததே எங்கள் தொகுதிக்குப் புதுசு.

இவர் கோர்ட்டுக்கு வந்த கதை எனக்கு அப்பா வழியாகத் தெரியும். அப்போது திருநெல்வேலியில் சட்டக் கல்லூரி கிடையாது; அது 1996இல்தான் வந்தது. சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து ஒரு சிவில் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். ஜூனியர் என்றால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாய்தா கேட்பது. சம்பளம் என்று எதுவும் கிடையாது. சீனியருக்கு மனசு நிறைந்தால் தீபாவளிக்கு வேட்டி சட்டை. அந்தச் சமயத்தில் கட்சி மறியல் என்றால் ஆட்களைக் கொத்தாகப் பிடித்து ரிமாண்ட் செய்வார்கள். ஜாமீன் மனு போட ஆள் வேண்டும், ஃபீஸ் கொடுக்கக் கட்சிக்காரனிடம் காசு இருக்காது. இவர் போவார். அந்த மனுக்களை அப்பா கடனுக்கு அடித்துக் கொடுப்பார். "சப் கோர்ட்ல சம்பாதிச்சத மாஜிஸ்திரேட் கோர்ட்ல விட்டுட்டு வாராரு" என்பது அப்பாவின் கணக்கு.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், வக்கீல்கள் எப்படி இத்தனை பேர் அரசியலுக்கு வருகிறார்கள் என்று. பேச்சுத் திறமை என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோர்ட்டில் சாட்சியை மடக்குகிற பேச்சு வேறு, சந்திப் பிள்ளையார் முக்கில் மைக் பிடிக்கிற பேச்சு வேறு. இந்த ஜாமீன்தான் காரணம். ஸ்டேஷனிலிருந்து வெளியே கொண்டுவந்தவன் முகத்தைக் கிளைச் செயலாளர் மறக்கமாட்டான். பதினைந்து வருடம் கழித்து சீட்டுக்கு ஆள் தேடும்போது அந்தக் கிளைச் செயலாளர்களில் பாதிப் பேர் ஒன்றியச் செயலாளர்களாக இருப்பார்கள்.

நெல்லைச் சீமைக்கும் சட்டமன்றத்துக்கும் இந்த வகையில் பழைய பந்தம் உண்டு. சபாநாயகர் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். 1962 முதல் 1967 வரை செல்லபாண்டியன். அவருக்கு அடுத்து 1967இல் ஆதித்தனார். தினத்தந்தியை 1942இல் தொடங்கியவர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு சிங்கப்பூரில் வக்கீல் தொழில் பார்த்தவர். காயாமொழிக்காரர், அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம்தான், தூத்துக்குடி பிரிந்தது 1986இல். அப்புறம் 1985இல் சேரன்மகாதேவித் தொகுதியின் பி.எச். பாண்டியன், அவரும் வக்கீல். 2006இல் அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன், 2021இல் ராதாபுரம் அப்பாவு.

பி.எச். பாண்டியன் பற்றிப் பேச்செடுத்தால் இந்த ஆபீஸில் அரை மணி நேரம் போய்விடும், எச்சரிக்கை. சார் அவரை மதிப்பவர்தான். 1977, 1980, 1984, 1989 என்று நான்கு முறை ஒரே தொகுதியில் ஜெயித்தது லேசுப்பட்ட காரியமா என்பார். எம்.ஜி.ஆர். மறைந்து அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தபோது, 1989இல் ஜானகி அணியில் ஜெயித்த வெகுசிலரில் அவர் ஒருவர் என்பதையும் மறக்காமல் சொல்வார். ஆனால் சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' என்று பாண்டியன் சொன்னது மட்டும் இவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை. 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஒரு அட்டைப்பட ஜோக்குக்காகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை என்று தீர்மானித்து அனுப்பியதும், ஊரே எதிர்த்ததும் சில நாளில் விடுவித்ததும் அந்தக் காலத்தில்தான். "வானளாவியன்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்கு? பிராதுல அப்படி எழுதிக் கொடுத்தா அன்னைக்கே ரிட்டர்ன் பண்ணிருவான்" என்பார். பாண்டியன் 2020 ஜனவரியில் காலமானார். அந்தச் சேரன்மகாதேவித் தொகுதியும் தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டது.

இன்னொரு கதை ராதாபுரம். அதை ஜூனியர்களுக்குப் பாடமாகவே நடத்துவார். 2016 தேர்தலில் அங்கே வக்கீலான இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார், தோற்றவர் அப்பாவு. 203 தபால் ஓட்டுகளைத் தள்ளுபடி செய்ததுதான் வழக்கு. தபால் ஓட்டோடு வைக்கிற உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்களுக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பது கேள்வி. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணியும் ஆயிற்று. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே ஐந்து வருடப் பதவிக்காலம் முடிந்துபோனது. சார் இதைச் சொல்லிவிட்டு ஜூனியரின் கையில் இருக்கிற அஃபிடவிட்டைப் பிடுங்கி, சான்றொப்பம் போட்டவர் பெயர், பதவி, முத்திரை, தேதி நான்கும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று இல்லாவிட்டாலும் படி இறங்கி என் கடைக்குத்தான் வர வேண்டும். என் வியாபாரத்துக்கு ராதாபுரம் வழக்கு செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

இவர் முதலில் நின்றபோது தோற்றார். அடுத்த முறை ஜெயித்தார். அந்த ஐந்து வருடமும் சட்டமன்றத்துக்கான கேள்விகள், கவன ஈர்ப்பு, வெட்டுத் தீர்மானம் எல்லாம் எங்கள் கடையில்தான் டைப் ஆயின. அரசு அலுவலகங்கள் வானவில் எழுத்துருவில் இருந்த நாட்கள்; நாம் யூனிகோடில் அனுப்பினால் அங்கே கட்டம் கட்டமாகத் திறக்கும் என்று போன் வரும். அவருடைய கேள்வி மற்ற எம்.எல்.ஏ.க்கள் கேள்வி மாதிரி 'ஆவன செய்ய அரசு முன்வருமா' என்று முடியாது. இன்ன ஆண்டு இன்ன அரசாணைப்படி ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதியைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் என்ன என்று குறுக்கு விசாரணைபோல இருக்கும். அமைச்சர்களுக்குப் பிடிக்காது. அவர் கட்சிக்கும்தான்.

தொகுதியில் கதை வேறு. எம்.எல்.ஏ. என்றால் போன் போட்டு முடித்துத் தருகிறவர் என்பது நம் ஊர் இலக்கணம். இவரிடம் போனால் "அது தாசில்தார் அதிகாரம், நான் சிபாரிசு பண்ண முடியாது. மனுவை இப்படி எழுதுங்க, முப்பது நாள்ல பதில் வரலன்னா இன்னார்கிட்ட போங்க" என்பார். ஸ்டேஷன் விவகாரம் என்றால் இன்னும் மோசம். மருமகன் மேல் கேஸ் போட வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒரு அம்மா அழுதுகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு ஜூனியரை முன்ஜாமீனுக்கு ஏற்பாடு செய்தார். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் போன் போடவில்லை. அந்த அம்மா வீட்டில் அடுத்த தேர்தலில் இவருக்கு ஒரு ஓட்டும் விழுந்திருக்காது.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியும் ஜனங்களுக்கு ஒரு மயக்கம். இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 2017இல்தான் 2 கோடியிலிருந்து இரண்டரைக் கோடி ஆனது. அந்தப் பணம் எம்.எல்.ஏ. பையில் இருப்பதாக நினைப்பு. அவர் வேலையைப் பரிந்துரைக்கத்தான் முடியும். நிர்வாக ஒப்புதல் கலெக்டருடையது, வேலை துறைகளுடையது. ஒரு வாய்க்கால் பாலம், மேலே ஓடுகிற ரோடு ஒரு துறை, கீழே ஓடுகிற தண்ணீர் இன்னொரு துறை. இரண்டும் 'எங்களுடையது இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தன. இவர் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத் தைத்து, 'யாருக்கும் சொந்தமில்லாத பாலத்தை மேம்பாட்டு நிதியில் கட்ட யாருடைய ஆட்சேபணையும் இருக்க முடியாது' என்று கவரிங் லெட்டர் போட்டார். அந்த வரியை டைப் அடித்தபோது சிரித்துவிட்டேன். பாலம் வந்தது. கல்வெட்டில் அவர் பெயரில் எழுத்துப் பிழை. அதை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், திருத்த மனு போட வேண்டியது பாலம்தான் என்பார்.

பதவியில் இருந்தபோது கோர்ட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. இதைப் பலர் தப்பு என்று பேசினார்கள். சம்பளம் வாங்குகிறவர் எப்படிக் கோட்டுப் போடலாம் என்று கேட்டார்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பது உண்மை. ஆனால் எம்.பி., எம்.எல்.ஏ. அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், தொழில் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. சட்டப்படி சரி. தொகுதிக்காரியாக என் கருத்து வேறு: கூட்டத்தொடர் என்றால் சென்னை, மற்ற நாளில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, எங்களுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டு லீவு விட்டால்தான் எம்.எல்.ஏ. முகம் பார்க்கலாம் என்கிற நிலைமை. மூன்றாம் முறை தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவரிடமே சொன்னேன். "தீர்ப்பு எனக்குச் சாதகம், ஜூரி பாதகம்" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தொகுதி அலுவலகத்துக்கு ஒரு விவசாயி வந்தார், குளத்துப் புறம்போக்கில் ஒருவர் வேலி போட்டுவிட்டார் என்று. வேலி போட்டவர் பெயரைக் கேட்டதும் சார் பேனாவை மூடிவிட்டார். "அண்ணாச்சி, அந்த ஆளுக்கு நான் முன்னால ஒரு வழக்குல ஆஜராகியிருக்கேன். அவரு பத்திரமெல்லாம் நான் படிச்சிருக்கேன். இதுல நான் தலையிட்டா ரெண்டு பேருக்கும் நியாயமில்ல. திங்கக்கிழமை நேரா கலெக்டர்கிட்ட கொடுங்க" என்றார். விவசாயிக்குக் கோபம். 'அவன் ஆளு, அதான் ஒதுங்குதாரு' என்று என் கடையில் வந்து திட்டினார். மனுவை நான்தான் அடித்தேன். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், வாசலிலேயே பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே அந்த வளாகத்தில் தீக்குளித்த பிறகு வந்த கெடுபிடி. அந்த வரிசையில் வயதான ஒருவரைத் தனியாக நிற்க வைத்தது எனக்கு இன்னமும் சரியாகப் படவில்லை. விதி என்னவோ சார் பக்கம்தான். ஒரு ஜூனியரைக் கூட அனுப்பியிருக்கலாம்.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். வழக்கு என்றே சொல்லக் கூடாது, அதுதான் விசேஷம்.

அம்மாவுக்குப் பத்தமடைப் பக்கம் கொஞ்சம் நஞ்சை. தாத்தா வாங்கியது, பத்திரம் சுத்தம், நாங்கள்தான் பயிர் வைக்கிறோம். பட்டா மட்டும் பக்கத்து வயல்காரர் பெயரில். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, யு.டி.ஆர். என்பார்கள், ஒரு உட்பிரிவு தவறி அவர் பட்டாவில் ஏறிவிட்டது. தமிழ்நாடு முழுக்க இந்தத் திருவிளையாடல் உண்டு. விற்கவோ கடன் வாங்கவோ போகும்வரை யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் பேங்கில்தான் தெரிந்தது. முதலில் பார்த்த வக்கீல் ஒருவர் உடனே சொன்னார்: நிலம் எங்களுடையது என்று கோர்ட்டு அறிவிக்கக் கேட்கிற உரிமை விளம்புகை வழக்குப் போட வேண்டும், முன்சீப் கோர்ட்டில். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

இந்த மாடிக்கு வந்தேன். சார் பத்திரத்தை முன்னும் பின்னும் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது:

"பக்கத்து வயல்காரரு இது என் நிலம்னு சொல்லுதாரா?"

"இல்ல சார். இப்படி ஏறிட்டுதேன்னு அவருதான் ரொம்ப சங்கடப்படுதாரு. மாமா முறைதான்."

"அப்போ எதிர்க்கட்சியே இல்லயேம்மா. யார் மேல கேஸ் போடப்போற?"

தகராறு இருந்தால்தான் கோர்ட்டு. தகராறே இல்லாத இடத்தில் பிழைதான் இருக்கிறது. பிழையை எழுதினவரிடம்தான் திருத்தச் சொல்ல வேண்டும். மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு. இதுவரை எந்த நல்ல சிவில் வக்கீலும் சொல்லக்கூடியதுதான். இதற்கு மேல்தான் எம்.எல்.ஏ. வேலை செய்தார். யு.டி.ஆர். மனுக்கள் எங்கே தூங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மனு மேலே போகும், தாலுகாவுக்கு அறிக்கை கேட்டு இறங்கும், அங்கே சர்வே பிரிவில் 'புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) இணைக்கவில்லை' என்று ஒரு குறிப்போடு உட்காரும், அல்லது பழைய பதிவேடு கிழிந்திருக்கிறது என்று நிற்கும். பதவியில் இருந்த காலத்தில் ஆய்வுக் கூட்டங்களில் நிலுவைப் பட்டியலை வரிவரியாகக் கேட்டுக் கேட்டுப் பழகியது. "அவங்க கேக்கப் போறத நாம முதல்லயே கொடுத்துட்டா, கேக்கதுக்கு ஒண்ணும் இருக்காதுல்லா" என்றார்.

ஆகவே பட்டியல் கொடுத்தார். தாத்தாவின் மூலப்பத்திரம், அந்த நாளிலிருந்து வில்லங்கச் சான்று, யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல், இப்போதைய அ-பதிவேடு, புலப்படம், வாரிசுச் சான்று, தீர்வை ரசீதுகள். எல்லாவற்றுக்கும் மேலே மாமாவின் சம்மதக் கடிதம். வெறும் கடிதம் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் அவர் கொடுத்த வாக்குமூலம், கைரேகை இல்லாமல் கையெழுத்தாகவே. மனு இரண்டு பக்கம்தான். 'மேன்மை தங்கிய சமூகத்துக்கு அடியேன் பணிவுடன்' எதுவும் கிடையாது. ஒவ்வொரு பத்திக்கும் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எந்த ஆவணம், எத்தனையாவது பக்கம். படிக்கிற அதிகாரி விரலை வைத்துக்கொண்டே போகலாம். இத்தனை வருடத்தில் என் கடை வழியாகப் போன மனுக்களில் நான் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்; பெயரை மாற்றி மாதிரியாகப் பலருக்குக் காட்டுகிறேன்.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. சார் வரவில்லை. "எதிர்க்கட்சி இல்லாத இடத்துல கறுப்புக் கோட்டு போய் நின்னா அதிகாரி சந்தேகப்படுவாரு. நீயும் மாமாவும் போங்க" என்றார். போனோம். மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, "ஐயா, அது பிள்ளைக நிலம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. தாலுகா கம்ப்யூட்டரில் அது ஏறுவதற்குள் பட்ட பாடு தனி. அம்மா பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள், அதற்கு மறுபடி ஒரு திருத்த மனு. அதையும் சாரிடம் கேட்காமல் நானே எழுதினேன். ஏறிவிட்டது.

ஃபீஸ்: அரசு அலுவலகங்களுக்குப் போகிற மனுவுக்கு அவர் வாங்குவதில்லை. "எம்.எல்.ஏ. பென்ஷன் வருது, அதுக்கு இது சரியாப் போச்சு" என்கிறார். கோர்ட்டு வழக்கென்றால் முதல் நாளே தொகையைச் சொல்லிவிடுவார், நடுவில் ஏறாது. குமாஸ்தாவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் குமாஸ்தாவே கோபித்துக்கொள்வார். ஆனால் டைப்பிங், நகல், முத்திரை வில்லைச் செலவு உங்களுடையது. இதில் எனக்கு ஆதாயம் உண்டு, ஒளிக்கவில்லை.

இனி அந்த ஒரு நட்சத்திரம். நேரம். வாரத்தில் மூன்று நாளாவது மதுரைக்குப் போய்விடுவார், காரில் அல்ல, முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கான இலவசப் பாஸில் அரசு பஸ்ஸில். திரும்பி வர எந்நேரமாகும் என்று அந்த பஸ்ஸுக்குத்தான் தெரியும். மாலை ஆறு என்று சொன்னால் எட்டு. உட்கார்ந்த பிறகும் சட்டமன்றக் கதை ஒன்று ஓடும். ஜூனியர்கள் சிரித்தாக வேண்டும், உங்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். ஜூனியர்களில் இருவர் கெட்டிக்காரர்கள், ஒருவர் போனில் பேசும்போதே கொட்டாவி விடுகிறார்; உங்கள் கட்டு அவர் மேஜைக்குப் போனால் குமாஸ்தாவிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றித் தருவார். வாட்ஸாப்பில் ஆவணம் அனுப்பினால் பார்க்கமாட்டார். காகிதம் வேண்டும்.

சார் நாக்கும் கொஞ்சம் நீளம். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்ததை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். சொத்துத் தகராறுக்கு வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, "உங்க அப்பா எங்கிட்ட எழுதின உயிலே எனக்கு மனப்பாடம்லே" என்று ஆரம்பித்ததைக் கேட்டபோது நானே படியில் இறங்கிவிட்டேன். அவமானம் தாங்காதவர்கள் வேறு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

போன் போட்டுக் காரியம் முடிக்க ஆள் தேடுகிறவர்களும் இங்கே வர வேண்டாம். முன்னாள் எம்.எல்.ஏ. என்ற பேச்சை வைத்துக்கொண்டு லெட்டர்பேடில் ஒரு வரி கேட்டால் லெட்டர்பேடே இல்லை என்பார். இருக்கிறது, நானே அச்சடித்துக் கொடுத்தேன், மேஜை டிராயரில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பஞ்சாயத்துத் தீர்மானம் போன்றவற்றில் எங்கோ சிக்கி, எங்கே சிக்கியிருக்கிறது என்றே தெரியாதவர்கள் தாராளமாக வரலாம். விவாகரத்து வழக்கு எடுப்பதில்லை. கிரிமினலில் ஜாமீன் மட்டும், அதுவும் பழைய பழக்கத்துக்காக.

போவதென்றால் செவ்வாய் அல்லது வெள்ளி சாயங்காலம். அசலும் நகலும் இரண்டும் கொண்டுபோங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளமாட்டார், பார்த்துவிட்டுக் கையிலேயே கொடுத்துவிடுவார். தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோனால் பாதி திட்டு குறையும். பைக்கைப் படிக்கட்டுக்கு எதிரே நிறுத்தக் கூடாது, அந்த வீட்டு ஆச்சி காற்றைப் பிடுங்கிவிடுவார். சார் அவருக்காகவும் ஒரு தடவை ஆஜராகியிருக்கிறார், ஆகவே புகார் சொல்லிப் பிரயோஜனமில்லை.